அக்காவுக்காகச் சூடேற்றிய இருக்கை

எங்கள் வீட்டில் கூரையில்லாத பழைய ஆங்கிலேயக் கார் ஒன்று இருந்தது. ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரிடமிருந்து அப்பா வாங்கியது. மழை வந்தால் இழுத்து மூடிக்கொள்ளும் துணிக்கூரை நான் பெரியவனாவதற்குள் நைந்து போய்விட்டது. அப்பா அந்த வண்டியை முதலில் ஓட்டக் கற்றுக்கொடுத்தது எனக்கல்ல, அக்காவுக்கு. அவள் நர்சிங் படித்து ஜெர்மனிக்கு வேலைக்குப் போனாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அங்கேயே தங்கிவிட்டாள்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் திரும்பி வந்தாள். தஞ்சாவூர்த் தெருக்களில் புதுப்புதுக் கார்கள் ஓடத் தொடங்கியிருந்தன. எங்கள் சபையில் வீட்டுக்கு ஒரு பிள்ளை துபாய்க்கோ அமெரிக்காவுக்கோ கிளம்பிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பேச்செல்லாம் விசா பற்றித்தான். அக்கா மட்டும் எதிர்த் திசையில் வந்து இறங்கினாள். மார்பில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்குப் போயிருந்தது.

"அங்கயே இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருக்கும்" என்றாள். "அதுக்கு மேல ஒண்ணுமில்ல. நானே எத்தனை பேருக்கு இதச் சொல்லியிருக்கேன்."

அவள் ஆசைப்பட்டது ஒன்றுதான். அந்த வண்டியில் பூதலூர் வழியாகக் கல்லணை வரைக்கும் போய்வர வேண்டும். நான் ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்து, பல வருஷம் ஓடாமல் கிடந்ததை ஓட வைத்தேன். கார்த்திகை மாதத்துக் காலை ஒன்றில் அவளை உட்காரவைத்துக் கிளம்பினேன். மேம்பாலம் தாண்டுவதற்குள் அவளுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஸ்வெட்டர், சால்வை, மேலே என் மனைவியின் போர்வை, எதுவும் போதவில்லை. நோயும் மருந்தும் சேர்ந்து அவள் உடம்பிலிருந்த சூட்டையெல்லாம் உறிஞ்சிவிட்டிருந்தன. திரும்பி வந்துவிட்டோம்.

வாடகைக்கு டாக்ஸி வைத்துப் போகலாமே என்றாள் என் மனைவி.

"மூடின வண்டில போனா ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரியே இருக்கும்மா. வேணாம்" என்றாள் அக்கா.

அன்று சாப்பிடும்போது அக்கா, ஜெர்மனியில் தன் காரில் இருக்கை சூடாகும் என்று சொன்னாள். வெளியே பனி கொட்டும்போதும் ஒரு ஸ்விட்சைத் தட்டினால் முதுகும் தொடையும் கதகதவென்று ஆகிவிடுமாம். சும்மா பேச்சுக்குத்தான் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அவளோடு வேலைபார்த்த தோழிக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தேன். கொஞ்ச நாளில் பார்சல் வந்தது. இருக்கைத் தோலுக்கு அடியில் வைக்கிற மெல்லிய விரிப்புகள், வயர்கள், ஒரு ஸ்விட்ச்.

கீழவாசல் பக்கம் இருந்த எலக்ட்ரீஷியன் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நம்ம ஊர்ல சீட்டு சூடாவுறதுக்குக் கரண்டு எதுக்கு சார்? மத்தியானம் வெயில்ல நிறுத்துங்க, போதும்."

யாருக்கு என்று சொன்னேன். அவர் பிறகு சிரிக்கவில்லை. வண்டியின் பேட்டரி இதைத் தாங்காது என்று சொல்லி, பின்னால் டிக்கியில் தனியாக ஒரு பெரிய பேட்டரி வைத்தார். நான் இருக்கைத் தோலைப் பிரித்து உள்ளேயிருந்த தென்னை நாரைச் சமப்படுத்திக் கொடுத்தேன். விரிப்புகளை வைத்துத் தைத்த பிறகு ஸ்விட்சைப் போட்டு இரண்டு பேரும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அக்காவுக்கு நோயே பாதி குணமாகிவிட்டது போல அன்று வீட்டுக்கு வந்தேன்.

அதற்குள் அவள் நடை தளர்ந்திருந்தது. வாசல் வரை கைத்தாங்கலாகக் கூட்டி வந்தேன். "படுத்தே கெடக்கறேன்ல, அதான்" என்றாள்.

மார்கழி தொடங்கியிருந்தது. புதாறு என்று நாங்கள் சொல்கிற கல்லணைக் கால்வாயின் கரையோடு வண்டி போனது. இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் கதிர் விடுகிற பருவத்தில் பச்சையாக நின்றது. காற்று ஈரமாக முகத்தில் அடித்தது. ஸ்விட்சை முன்பே போட்டிருந்தேன். என் பக்கம் நன்றாகச் சூடேறிவிட்டது. அவளுக்கு மட்டும் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

"சூடு வருதாக்கா?"

"முதுகுல வருதுடா." கொஞ்சம் பொறுத்து, "கீழ போடலியா?" என்று கேட்டாள்.

"போட்டிருக்கே. முதுகுக்கும் கீழயும் ஒரே ஸ்விட்ச்தான்."

பூதலூருக்கு இந்தப் பக்கம், புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். அவளுக்கும் இருக்கைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். கையை வைத்திருக்க முடியவில்லை, போர்வைக்குள் சூடு அடைபட்டு அப்படிக் கொதித்தது. அவசரமாக ஸ்விட்சை அணைத்தேன். என் முகத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் தொடையைக் கிள்ளினாள். மறு தொடையையும் கிள்ளினாள். ஒரு நோயாளியைச் சோதிப்பது போல, அவசரப்படாமல், ஒவ்வொரு இடமாக.

"கட்டி தண்டுவடத்துல அமுக்க ஆரம்பிச்சிடுச்சுடா" என்றாள். "அதான் கால் மரத்துப் போச்சு, நடையும் வரல. நான் படுக்கைதான் காரணம்னு நினைச்சிட்டிருந்தேன்."

"டாக்டர்கிட்ட காட்டலாம்க்கா. ஏதாவது மருந்து…"

"இருக்கு. கொடுப்பாங்க. வாங்கிப்போம்." அவ்வளவுதான் சொன்னாள். ஆறுதல் சொல்வது நர்சுக்குப் பழகிய வேலை. அதை அவள் எனக்குச் செய்தாள் என்பது அப்போது புரியவில்லை.

கல்லணைக்கு இன்னும் பாதி தூரம் இருந்தது. போய்விடலாமா என்று கேட்டேன். அவள் வாய்க்கால் மதகைப் பார்த்தாள்.

"வண்டியத் திருப்பு தம்பி."

தொடையின் பின்புறம் கொப்புளம் கட்டியிருந்ததை வீட்டில் என் மனைவிதான் பார்த்தாள். வலிக்கிறதா என்று கேட்டதற்கு அக்கா இல்லையென்று தலையசைத்தாள். என் மனைவி அறைக்கு வெளியே வந்து நின்று அழுதாள்.

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பொது வார்டு. மற்றவர்களுக்குப் புழுக்கம், மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொன்னால் பக்கத்துக் கட்டில்காரர்கள் சங்கடப்பட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். பார்வையாளர் நேரம் முடிகிற வரைக்கும் காற்று அவள்மேல் படாதபடி நான் கட்டிலை மறித்து நின்றேன். என் முதுகில்பட்ட காற்று எனக்கு இதமாக இருந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

பொங்கலுக்கு முன்பே போய்விட்டாள். கடைசி நாட்களில் என்னோடு ஜெர்மன் மொழியில் பேசினாள். ஏதோ திரும்பத் திரும்பக் கேட்டாள். வார்டில் யாருக்கும் அந்த மொழி தெரியாது. நான் எல்லாவற்றுக்கும் "சரிக்கா" என்றேன்.