கடைசி வரி வரை படித்தவர்

கண்ணாடிக் கடைக்காரருக்கே கண் போய்விட்டதாம். முடிவெட்டப் போன இடத்தில், மேசை மேல் கிடந்த சீப்பைப் பார்த்து, "என்னப்பா, ரம்பத்தையெல்லாம் வெளியில வெச்சிருக்க?" என்று கேட்டாராம். முடிவெட்டுகிறவர் அதை என் அலுவலக நண்பரின் மைத்துனரிடம் சொல்ல, விடுமுறைக்கு எங்கள் ஊருக்குப் போய்த் திரும்பிய நண்பர் இங்கே அலுவலகக் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் என் சித்தப்பா.

உடனே சித்திக்குப் போன் போட்டேன்.

"கண்ணுக்கு ஒண்ணும் இல்லடா. அவரே கடையில எழுத்துப் பலகைக்கு எதிர்ல உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படிச்சுக் காட்டுறாரு. எனக்கே அந்த வரி மங்கல்."

"அப்புறம் என்ன சித்தி?"

"அதான் புரியலை. டேபிள் மேல சாவி கிடக்கு. உத்து உத்துப் பார்க்குறாரு. 'ஒரு பக்கம் வட்டம், ஒரு பக்கம் பல்லு, பளபளன்னு இருக்கு, என்னது இது?'ங்கிறாரு. கையில எடுத்ததும், 'அட, கடைச் சாவி!' நான் விளையாடுறாருன்னு நினைச்சுத் திட்டிட்டேன். பவர் மாறிப்போச்சுன்னு அவரும் கண்ணாடி மேல கண்ணாடியா மாத்திப் பார்த்துட்டாரு. இப்ப வீடு முழுக்கக் கண்ணாடி. கீழ வெச்சுட்டா அது கண்ணாடின்னு அவருக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுச் சித்தி சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

முதலில் நான் அதை வயதின் மறதி என்றுதான் தேற்றிக்கொண்டேன். இரண்டு மொழிகளில் படித்து, ஒன்றில் பிழைத்து, இன்னொன்றில் கனவு காண்கிற எனக்கே ஒரு மொழியில் சொல் வராமல் தொண்டையில் நிற்பது உண்டு. ஆனால் சமையலறையில் வடிகட்டியைப் பார்த்தால் அது எதற்கு என்று எனக்குத் தெரியும், பெயர்தான் வராது. சித்தப்பாவுக்குப் பெயர் போகவில்லை. தொட்டால் வருகிறது, குலுக்கிச் சத்தம் கேட்டால் வருகிறது. பார்த்தால் மட்டும் வருவதில்லை.

மூளைக்கு மருத்துவம் பார்க்கும் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: கண் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அது அனுப்புவதை வாங்கி, இது இன்னது என்று சொல்ல வேண்டிய இடத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சேதம். எழுத்தைப் படிக்க மூளையில் வேறு வழி, அது தப்பித்துக்கொண்டது. வயதும் சேர்ந்துகொண்டதால் இது இதோடு நிற்காது. போகப் போக சொற்களும் போகலாம்.

சித்தப்பாவின் கடையில் சிரிக்காமல் யாரும் வெளியே வந்ததில்லை. மூக்கு நீளமானவரிடம், "உங்களுக்குப் பிரேம் நழுவாது சார், இயற்கையே ஸ்டாண்டு கொடுத்திருக்கு" என்பார். வந்தவர் கோபித்துக்கொள்ளாமல் பிரேமை வாங்கிப் போவார். வாயால்தான் கடை ஓடுகிறது என்பாள் சித்தி.

அந்த வாயைப் பற்றித்தான் இப்போது அவருக்கு வருத்தம். வீடியோ வேண்டாம், பேசினால் போதும் என்று சொல்லிவிட்டு, போன வாரம் ஒரு பழைய கதையைச் சொன்னார். பல வருடங்களுக்கு முன் பாட்டு டீச்சர் ஒருவர் புதுக் கண்ணாடியோடு திரும்பி வந்தாராம். 'எல்லாம் தெளிவா இருக்கு, ஆனா பார்க்குறது என்னன்னு புரியலை' என்றாராம்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமாடா? 'டீச்சர், கண்ணாடி பார்க்கத்தான் வைக்கும். புரிய வைக்கிற கண்ணாடி வந்தா முதல்ல உங்களுக்குத்தான்'னேன். கடையே சிரிச்சுது. அவங்களும் சிரிச்சுட்டு, கண்ணாடியை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டுப் போனாங்க. அப்புறம் வரவே இல்லை."

"உங்களுக்கு அப்ப எப்படித் தெரியும் சித்தப்பா?"

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கே. என்னை நம்பி வந்து சொன்னாங்களே. டாக்டரைப் பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எப்படியாவது கண்டுபிடிச்சுக் கொடுடா. நேர்ல மன்னிப்புக் கேட்கணும். என்ன கேட்க வந்தேங்கிறதே எனக்கு மறந்து போறதுக்குள்ள."

வதந்தி வந்த வழியிலேயே நானும் திரும்பிப் போனேன். நண்பர், அவர் மைத்துனர், முடிவெட்டுகிறவர். தெருவில் யார் எந்த வீட்டில் என்பது அவருக்கு அத்துப்படி. டீச்சரின் மகளுடைய போன் எண் இன்று கிடைத்தது.

"அம்மா எங்க வீட்லதான் இருக்காங்க" என்றார் மகள். "தாராளமா வரட்டும். சீக்கிரமா வரச் சொல்லுங்க. வந்ததும் பேசச் சொல்லுங்க, அம்மாவுக்கு முகம் பிடிபடாது, குரல்தான்." பிறகு சொன்னார். "அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் போட விடமாட்டாங்க. 'புரிய வைக்கிற கண்ணாடி வந்துடுச்சா, கடைக்காரர் சொல்லி அனுப்பினாரா'ன்னு அப்பப்ப கேப்பாங்க. கிண்டலுக்குக் கேக்குறாங்களா, நிஜமாவே கேக்குறாங்களான்னு எங்களுக்கே தெரியலை."

இதைச் சித்தப்பாவிடம் சொல்வதா, வீட்டு முகவரியை மட்டும் சொல்வதா?

சித்தி கடைத்தெருவில் இருந்தாள். "நீயே அவருக்குப் போன் பண்ணிச் சொல்லு, சந்தோஷப்படுவாரு. போன் டேபிள் மேலதான் இருக்கு. பக்கத்துலயே ரிமோட்டு, கண்ணாடிக் கூடு எல்லாம் கிடக்கு. எடுக்கலைன்னு வெச்சுடாதே, கொஞ்ச நேரம் அடிக்க விடு."

அடிக்க விட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். அடிக்கிறவரைதான் அவருக்கு அது போன். நின்றுவிட்டால் மேசை மேல் ஏதோ கறுப்பாக, நீளமாக ஒன்று. ரிமோட்டை எடுத்துக் காதில் வைத்து 'ஹலோ' சொல்லிக்கொண்டிருக்கிறாரோ? கை ஒவ்வொன்றாகத் தடவி வந்துகொண்டிருக்கிறதோ? முதலில் என்ன சொல்வது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.