கூடை இருந்த இடத்தில் நட்ட கம்பம்

கோவளத்துக் காந்தாவை அஸ்தினாபுரம் பக்கத்தில் ஒருவருக்குத் தெரியாதென்றால் அவர் மீன் சாப்பிடாதவராகத்தான் இருக்க வேண்டும். விடியுமுன்னே கரையில் ஏலம் எடுத்து, கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரம் வந்து, அங்கே வேறு பஸ் மாறி, ஏரிக்கரை ஸ்டாப்பிங்கில் இறங்குவாள். தலையில் பெரிய அலுமினிய அன்னக்கூடை. அதில் ஐஸ் போட்ட மீன். தெருத்தெருவாக விற்றுவிட்டு மதியம் அதே இடத்தில் பஸ் ஏறுவாள். புருஷன் வடிவேலு முதுகு போனதிலிருந்து படகில் ஏறுவதில்லை, வீட்டில் உட்கார்ந்து வலை பின்னுகிறான். அந்த வீட்டு அடுப்பு காந்தாவின் தலைச்சுமையில்தான் எரிகிறது.

ஏரிக்கரை ஸ்டாப்பிங் என்று பேர்தானே தவிர அங்கே போர்டும் கிடையாது, கூரையும் கிடையாது. நிற்பவர்கள் தாங்களே ஒரு முறை வைத்திருந்தார்கள். முதலில் வருகிறவர் தன் சாமானை ரோட்டோரம் வைத்துவிட்டு நிழலுக்குப் போய்விடலாம். அடுத்தவர் பை அதற்குப் பின்னால். சாமான்தான் வரிசையில் நிற்கும், ஆள் நிற்க வேண்டாம். மதிய பஸ்ஸுக்கு எப்போதும் காந்தாவின் கூடைதான் முதல். கழுவிக் கவிழ்த்த கூடை வெயிலில் கண்ணாடி மாதிரி அடிக்கும். டிரைவர் தூரத்திலேயே அதைப் பார்த்து, அதற்கு நேராக முன்வாசல் வருகிற மாதிரி நிறுத்துவார். காந்தா ஜெபராஜின் பஞ்சர் கடை நிழலிலிருந்து எழுந்து வருவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ரோட்டுக்குப் பணம் வந்தது. ரோட்டை அகலப்படுத்தி, மழைநீர்க் கால்வாய் கட்டி, பஸ்ஸுக்கு நிழற்கூரை போடப்போகிறார்கள் என்றார்கள். ஜெபராஜ் கடை முன்னால் பள்ளம் தோண்டிவிட்டதால், அன்றைக்குக் காந்தா கூடையைத் தள்ளி, துரைராஜ் வீட்டு கேட் ஓரமாக வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து என்ஜினியர் சூர்யநாராயணன் வந்து சேர்ந்தார்.

"பஸ் எங்கப்பா நிக்கும்?"

ஜெபராஜ் டியூபிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கூடை எங்க கீதோ அங்க சார்."

சொன்னதில் பொய்யில்லை. என்ஜினியர் கூடை இருந்த இடத்தில் சிவப்பு பெயின்ட் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

துரைராஜ் அந்த ஊர்ப் பழைய குடும்பம். அவர் அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது வாடகைக் கடைகள் நிற்கின்றன. மறைமலை நகரில் மகள் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பியவர், தன் கேட்டுக்கு நேராகக் கான்கிரீட்டில் கம்பங்கள் நிற்பதைப் பார்த்தார். கார் உள்ளே போகவில்லை. சும்மா விடுவாரா? கவுன்சிலரைப் பார்த்து, இங்கே ஸ்டாப்பிங்கே வேண்டாம், அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்ளட்டும் என்றார்.

காந்தா என்ஜினியரிடம் ஓடினாள். "சாரே, அது ஸ்டாப்பிங் இல்ல. அன்னிக்கு மட்டும் கூடைய அங்க வச்சிட்டேன்."

"இப்ப சொல்றியேம்மா! மாத்தணும்னா புதுசா எஸ்டிமேட் போட்டு மேல அனுப்பணும். அதுக்குள்ள இந்த வருஷ நிதி திரும்பிப் போயிடும். கூரை இங்க வந்தா வரும், இல்லன்னா கிடையாது."

அடுத்த நிறுத்தம் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம். நிறைகூடையோடு அங்கிருந்து நடந்து வருவதற்குள் ஐஸ் உருகும், ஆபீஸ் போகிறவர்கள் வீட்டைப் பூட்டியிருப்பார்கள். மீன் கெட்டால் யாரிடம் போய் அழுவது?

மறுநாள் காலை நேராகத் துரைராஜ் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கோகிலவாணி பாத்திரத்தோடு வந்தாள்.

"சங்கரா மீன் இருக்கா காந்தா?"

"கீதுக்கா. ஆனா அண்ணாவுக்குக் கெடையாது."

உள்ளேயிருந்து துரைராஜ் வந்தார். "என் வாசல்ல கம்பம் நட்டுட்டு எனக்கே மீன் இல்லையா?"

"நட்டது நானாண்ணா? நான் கூடைய வச்சேன். அவங்க கூடைய நம்பி நட்டுட்டாங்க."

"அப்ப தப்பு உன்னுதுதானே?"

"என்னுதுதான். அதான் கேக்க வந்துகீறேன். கம்பம் நவுராதுனு அந்த சாரு சொல்லிட்டாரு. உங்க கேட்டு நவுருமா?"

"எங்கப்பா வச்ச கேட்டு அது!"

"மாட்டுவண்டிக்கு வச்சாரு. உங்க காரு அதுல பூந்து பூந்து கண்ணாடி ஒடஞ்சத நான் பாக்கலியா? உங்க கோடிக் கடை காலியா கெடக்கே, எதிர்ல பஸ் நின்னா வாடகைக்கு ஆளு வராதா?"

துரைராஜ் வாய் திறப்பதற்குள் கோகிலவாணி பிடித்துக்கொண்டாள். "ஈசான்ய மூலையில வாசல் வைக்கச் சொல்லி வாஸ்து பாத்தவர் எப்பவோ சொன்னார். யார் கேட்டீங்க? நம்ம பையன் ஹரிபிரசாத்துக்கு இன்னும் பொண்ணு அமையல."

"அதுக்கும் கேட்டுக்கும் என்னடி?"

"வச்சுப் பாத்தாதானே தெரியும்."

துரைராஜ் முனகிக்கொண்டே உள்ளே போனார். சரி என்று அவர் வாயால் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் என்ஜினியரைக் கூப்பிட்டு, மூலையில் கேட் வைத்தால் கார் போகிற அளவுக்குக் கால்வாய்மேல் மூடி போட்டுத் தருவீர்களா என்று கேட்டார். அது கால்வாய்க் கணக்கிலேயே வந்துவிடும் என்றார் சூர்யநாராயணன். வரப்போகிற மருமகளை நினைத்துக்கொண்டு கோகிலவாணி முன்னால் நின்று சுவரை இடிக்க வைத்தாள்.

வருஷம் முடியுமுன் கூரை எழுந்தது. நெற்றியில் கவுன்சிலர் பேர் போட்ட பலகை, கீழே ஸ்டீல் பெஞ்சு. முதல் நாள் காந்தா, கவர்மென்ட் கட்டிய இடமாயிற்றே என்று மரியாதையாகக் கூடையை உள்ளே நிழலில் வைத்தாள். பஸ் வந்தது. டிரைவர் ரோட்டோரம் பார்த்தார், கூடையைக் காணவில்லை, போயே போய்விட்டார்.

"கூரை மட்டும் போட்டா பத்துமா?" என்று பஞ்சர் கடையிலிருந்து ஜெபராஜ் சிரித்தான்.

"நீ மூடு. உன்னாலதான் எல்லாம்."

மறுநாள் கூரையை விட்டு முன்னால் வந்து, ரோட்டோரத்து வெயிலில் கூடையைக் கவிழ்த்தாள். அது மின்னியது. அதற்குப் பின்னால் யாரோ ஒரு துணிப்பையை வைத்தார்கள். திரும்பினால் துரைராஜ்.

"தாம்பரத்துல காரை நிறுத்த இடம் இல்ல," என்றார், யாரும் கேட்காமலே. "நாளைக்கு சங்கரா உண்டா?"

"மொதல்ல பஸ் நிக்கட்டும்ணா."

முன்வாசல் கூடைக்கு நேராக வந்து நின்றது. காந்தா கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

"கீதுண்ணா," என்றாள் படியிலிருந்து. "ஏறு, ஏறு."