ஷிப்ட் முடியும்வரை

“கண்ணை மூடாத. என்னைப் பாரு.”

மூத்த நர்ஸ் அடிவயிற்றை அழுத்திப் பிசைந்துகொண்டிருந்தாள். கருப்பை இன்னும் தொளதொளவென்றுதான் இருந்தது. அது கல் மாதிரி இறுகினால்தான் ரத்தம் நிற்கும். குழந்தை ஆட்டோவிலேயே பிறந்துவிட்டது. ஜூனியர் நர்ஸ் அதைத் துணியால் தேய்த்து அழவைத்துவிட்டாள். இனி தாய் பிழைக்க வேண்டும்.

“ஊசி?”

“போட்டாச்சுக்கா. டாக்டர் வந்துட்டிருக்கார். ரத்தத்துக்கும் சொல்லிட்டேன்.”

ஊசி போட நரம்பு கிடைக்காவிட்டால் டாக்டர்களே மூத்த நர்ஸைத்தான் கூப்பிடுவார்கள். ராசியான கை என்பார்கள். அவள் வாயைப் பற்றிக் காதுபட யாரும் எதுவும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வலியில் கத்தும் பெண்களை மூத்தவர்கள் அதட்டுவதைப் பார்த்து அவளுக்குச் சங்கடமாக இருந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் அவளும் அதட்டினாள். பெண்கள் அடங்கினார்கள், வேலை ஓடியது.

கைக்கடியில் கருப்பை லேசாக இறுகியது. வாசலில் நின்ற அந்தப் பெண்ணின் மாமியாரிடம் சீறினாள்.

“வலி காலைலயே வந்திருக்கும்ல? இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?”

“காலைலயே வந்துட்டோம் சிஸ்டர். கேட்டுக்கு எதிர்லதான் ஆட்டோல இருந்தோம்.”

“உள்ள வர்றதுக்கு என்ன?”

“இவதான் வேணாம்னா. ரெண்டு மணிக்கு ஷிப்ட் மாறும், இடி போயிரும், அப்புறம் போலாம்னா. வாட்ச்மேனும் அதான் சொன்னாரு. கொஞ்சம் பொறுங்க, இன்னும் உள்ளதான் இடிக்குதுன்னு.”

“எந்த இடி?”

ஜூனியர் தட்டில் எதையோ தேடத் தொடங்கினாள்.

“நீங்கதான் சிஸ்டர்.” மாமியாரின் குரலில் கோபமே இல்லை. வழி கேட்டவருக்குத் தெருப்பெயர் சொல்வதுபோலச் சொன்னாள். “எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. போன பிரசவத்துல இவ கத்தினப்போ, ‘அன்னிக்கு மட்டும் இனிச்சுதா’ன்னு கேட்டீங்களாம். தொடைல வேற அடிச்சீங்களாம். ரெண்டு மணிக்கு மேலயும் உங்க வண்டி நகரல. அதுக்குள்ள தலை வந்துருச்சு.”

மாலை ஷிப்டுக்கு வரவேண்டியவள் லீவு. அதனால் இவளே தொடர்ந்து பார்க்கும்படி ஆகிவிட்டது.

படுத்திருந்தவளின் முகத்தைப் பார்த்தாள். ஞாபகமில்லை. கேட்ட கேள்வி ஞாபகமிருந்தது. எத்தனையோ பேரிடம் கேட்டது அது. சொல்லும்போது கூட இருந்தவர்கள் சிரிப்பார்கள்.

அங்கிருந்து போய்விட வேண்டும்போல இருந்தது. கையை எடுத்தால் மறுபடி தளர்ந்துவிடும். அவள் அடித்த தொடை முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு அழுத்தினாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். “மூச்சை நல்லா விடும்மா” என்றாள். அந்த ‘ம்மா’ அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை. ஜூனியர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் தட்டுக்குத் திரும்பினாள்.

டாக்டர் வந்தார். ரத்தம் ஏறியது. சாயங்காலத்துக்குள் கருப்பை இறுகி, ரத்தப்போக்கு நின்றது.

“நல்லவேளை நீங்க இருந்தீங்க” என்றார் டாக்டர். மாமியார் அப்போது பக்கத்தில்தான் நின்றாள்.

மறுநாள் அவளுக்குக் காலை ஷிப்ட். வார்டில் அந்தப் பெண்ணுக்கு பிரஷர் பார்த்தாள். சரியாக இருந்தது. குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. “அத்தை ஏதோ உளறிட்டாங்க, மனசுல வச்சுக்காதீங்க சிஸ்டர்” என்றாள் அந்தப் பெண். இவள் பிரஷர் அளவை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். லேபர் ரூமில் இரண்டு பேர் வலியில் இருந்தார்கள். இவள் உள்ளே வந்ததும் இருவரும் வாயில் துணியை வைத்துக் கடித்துக்கொண்டார்கள்.