கண்ணாடியக்கா வாங்கிய மூன்றரை அடி

மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தீட்டித் தருவது அவளுடைய தொழில். தெருவில் எல்லாருக்கும் கண்ணாடியக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பேச்சு குறைவு. ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். எதிரே நிற்கிறவருக்கு, தன்னைத்தான் எடைபோடுகிறாளோ என்று தோன்றும்.

மூலைக்கட்டடத்தில் ஒன்பது வருஷம் கடை நடத்தினாள். அந்தக் கட்டடமும் அதை ஒட்டிய மாடி வீடும் ஒரே ஆளுக்குச் சொந்தம். மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் சாமான் கிடங்கு, மேலே அவர் குடித்தனம். மாடிக்காரர் என்றால் தெருவில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே, வீட்டுச் சுவரோடு ஒட்டி ஒரு சிமெண்டுப் படிக்கட்டு ஏறியது. சாயங்காலமானால் அவர் பாதிப் படியில் நின்று, பட்டாளத்தைப் பார்வையிடுகிற தளபதி மாதிரி தெருவைப் பார்ப்பார்.

கடையை வாடகைக்கு எடுத்த சமயத்தில், அவளுக்கு வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றத்தான் செய்தது. மாடிக்காரர் சிரித்தார்.

"உனக்கு எதுக்கும்மா தனியா வக்கீல்? என் வக்கீலே உனக்கும் சேர்த்து எழுதிடுவாரு. வீண் அலைச்சல் எதுக்கு?"

நல்ல மனுஷன் என்று நம்பி, பென்சிலால் புள்ளி வைத்திருந்த இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். சொந்தக்காரர் நினைத்தால் ஏழு நாள் நோட்டீஸில் காலி செய்யச் சொல்லலாம் என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. மாப்பிள்ளைக்குக் கடை வைத்துக் கொடுக்க வேண்டிய நெருக்கடி வந்தபோதுதான் மாடிக்காரர் அந்த வரியைத் தூசி தட்டி எடுத்தார்.

ஏழு நாளில் ஆறாவது நாள். அவள் வேறு இடம் தேடி அலைந்துவிட்டுத் திரும்பி வந்தபோது நல்ல மழை. தீட்டும் சக்கரம், கண் சோதிக்கும் எழுத்துப் பலகை, கண்ணாடி அலமாரி எல்லாம் தெருவில் கிடந்தன. பெயர் எழுதி ஒட்டிய நாற்பது சின்ன உறைகளில் நாற்பது பேரின் வில்லைகள் தட்டோடு கவிழ்ந்து சேற்றில் சிதறியிருந்தன. அவள் முட்டிபோட்டுப் பொறுக்க ஆரம்பித்தாள். யாரோ குடை பிடித்து நிற்பது மாதிரி ஒரு நிழல் தெரிய நிமிர்ந்தாள். அது குடையில்லை, மாடிக்காரர் வீட்டுச் சன்ஷேடு. அதன் கீழே, நனையாமல், படியில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"பாத்து பொறுக்கும்மா. கண்ணாடி கையில குத்திடப் போவுது."

அந்த ஒரு வாக்கியத்தை அவள் பதினோரு வருஷம் வயிற்றில் வைத்து வளர்த்தாள். வீட்டு முன்னறையில் சக்கரத்தைப் போட்டுத் தொழிலைத் தொடர்ந்தாள். நாற்பது பேருக்கும் புது வில்லை தீட்டிக் கொடுத்தாள், ஒருவரிடமும் காரணம் சொல்லவில்லை. பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவர் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "விட்டுத் தொலையேன். அந்த ஆள் உன்னை மறந்தே போயிருப்பான்."

"அதுக்குத்தான் நான் ஞாபகம் வெச்சிருக்கேன்" என்றாள் அவள். அதற்குமேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாப்பிள்ளையின் கடை ஒன்றரை வருஷத்தில் படுத்தது. அடுத்து வந்த நாலைந்து பேரும் நிலைக்கவில்லை. மூலைக்கட்டடத்தை விற்கப் போகிறார் என்று பேச்சு எழுந்த அன்று காலை, கண்ணாடியக்கா சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கைகழுவிக்கொண்டு நேரே மாடிக்காரர் வீட்டுக்குப் போனாள். அப்பா விட்டுப்போன மனை, நகை, பாங்குக் கடன் என்று என்னென்ன வழி இருக்கிறது என்பதையெல்லாம் அவள் என்றைக்கோ யோசித்து வைத்திருந்தாள்.

மாடிக்காரருக்கு ஒரே ஆச்சரியம். "நீயா? பரவாயில்லையே! பழசெல்லாம் மனசுல வெச்சுக்கலைல்ல?"

"தொழிலுக்கு இடம் வேணும் சார். அவ்வளவுதான்."

"சீக்கிரம் முடிச்சுக்கலாம். என் வக்கீல் இப்ப பெரிய ஊர்ல பெரிய ஆபீஸ் போட்டிருக்காரு. ரெண்டு பக்கமும் அவரே பார்த்துக்குவாரு."

"எனக்குன்னு ஒருத்தர் இருக்காரு சார்."

அவர் நடை வக்கீல். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை, உட்கார்ந்தால் முனகும் ஒரு பெஞ்சு, நூல்கட்டிய பத்திரக் கட்டுகள். இவ்வளவுதான் அவர் ஆபீஸ். யாருக்கு எந்தச் சொத்து வாங்கிக் கொடுத்தாலும், காகிதத்தோடு நிற்காமல் நடந்தே போய் இடத்தைப் பார்ப்பார். நாலு மூலையிலும் நின்று பார்க்காமல் பத்திரம் எழுதமாட்டார். அதனால் அந்தப் பெயர். ஊரில் பாதிப் பேர் அவரைக் கேலி செய்தார்கள். மீதிப் பாதிப் பேர் அவரிடம்தான் போனார்கள்.

ஒரு மத்தியானம் அளவு நாடாவும் பழைய வரைபடமுமாக மூலைக்கட்டடத்துக்கு வந்தார். அளந்தார், மறுபடியும் அளந்தார். சாயங்காலம் கண்ணாடியக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"அம்மா, நீங்க வாங்குற மனை அவர் வீட்டுச் சுவர் வரைக்கும் போவுது. நடுவுல இருக்குற மூன்றரை அடியும் உங்க பத்திரத்துக்குள்ளதான் வருது. இதோ பாருங்க கோடு."

அவள் குனிந்து பார்த்தாள். "அங்க படிக்கட்டு இருக்கே."

"அதைத்தான் சொல்றேன். முழுப் படிக்கட்டும், கீழ இருக்குற கேட்டும் உங்க மனையில நிக்குது. ரெண்டும் ஒரே ஆளோட சொத்தா இருந்ததால இத்தனை நாள் யாரும் கவனிக்கலை."

கண்ணாடியக்கா அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவர்கிட்ட சொல்லாதீங்க."

நடை வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவும் அவள் செய்து கொடுத்ததுதான். "மறைச்சு வாங்கறது என் வழக்கம் இல்லை. எழுதிக் கேக்கணும். கேட்டா, பதில் சொல்றது அவங்க பாடு. கேக்கலைன்னா நாளைக்கு கோர்ட்டுல நம்ம தலையிலதான் விடியும்."

அன்று ராத்திரி, கேட்டால் தெரிந்துபோகும், கழுவுற மீனில் நழுவுற மீனாகப் போய்விடுவார் என்று பொருமினாள். ஆனால் வக்கீல் மசியவில்லை. எல்லையைத் தாண்டி உங்கள் கட்டடம் ஏதாவது நிற்கிறதா, வழி உரிமை எதையாவது உங்களுக்கென்று வைத்துக்கொள்கிறீர்களா, இடத்தை நேரில் பார்த்துப் பதில் சொல்லவும் என்று தெளிவாகக் கடிதம் போட்டார்.

மூன்றாம் நாளே பதில் வந்தது. பெரிய ஊர் வக்கீல் அந்தத் தெருவை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. 'அப்படி எதுவும் இல்லை. நான்கு எல்லையும் பத்திரப்படி.' ஒரே வரி. கீழே மாடிக்காரரின் கையெழுத்தும் இருந்தது, பெரிதாக, வாலை நீட்டி.

கண்ணாடியக்கா அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கி, வெகுநேரம் பார்த்தாள்.

பதிவு முடிந்தது. அன்றே சக்கரம் மூலைக்கட்டடத்துக்குத் திரும்பியது. மறுநாள் காலை நடை வக்கீல் நடந்தே போய் மாடிக்காரர் கையில் நோட்டீஸைக் கொடுத்தார். ஏழு நாளுக்குள் என் கட்சிக்காரரின் நிலத்திலிருந்து படிக்கட்டையும் கேட்டையும் அகற்றிக்கொள்ளவும்.

மாடிக்காரர் மூச்சிரைக்கக் கடைக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இது என்ன அநியாயம்! என் வீட்டுக்கு நான் எப்படிப் போறது?"

"பின்பக்கம் இரும்புச் சுழல்படி இருக்கே சார். தண்ணித் தொட்டிக்கு ஏறுறது."

"குப்பைத்தொட்டி சந்து வழியாவா? என்னைய பார்த்தா எப்படி இருக்கு உனக்கு?"

"பாத்து ஏறுங்க சார்" என்றாள் கண்ணாடியக்கா. "இரும்பு கையில குத்திடப் போவுது."

அவருக்கு அது விளங்கியதா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அவளுக்கு ஒரே சந்தோஷம். அவர் பெரிய ஊருக்கு ஓடினார். வக்கீல், சீக்கிரம் முடிக்கச் சொன்னது நீங்கள்தானே என்று கையை விரித்துவிட்டார். அந்த மூன்றரை அடியை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று மாடிக்காரர் ஆள் அனுப்பினார். அந்த ஆளுக்கு அவள் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள், பதில் கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள், வழியை அடைத்துச் சுவர் எழுப்ப, கடை வாசலில் செங்கல் வந்து இறங்கியது.

ஆறாம் நாள் மாடிக்காரரின் மனைவி வந்தாள். முட்டி வீங்கிய மனுஷி. பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேரவே நேரமாயிற்று.

"அந்த இரும்புப் படியில என்னால ஏற முடியாது அக்கா. விழுந்தா எலும்பு மிஞ்சாது."

கண்ணாடியக்கா வில்லையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "அன்னைக்கு நீங்களும் பார்த்துட்டுத்தானே இருந்தீங்க?"

"ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். பார்க்க முடியாம சாத்திக்கிட்டேன். இறங்கி வந்திருக்கணும். வரலை. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

சக்கரம் நின்றது. சாக்குச் சொல்லாத ஆளை அவள் அந்த வீட்டில் எதிர்பார்க்கவில்லை.

"உங்களுக்கு வழி விடறேன். உங்க பொண்ணுங்க வரலாம், விருந்தாளிங்க, டாக்டர், தபால்காரர் எல்லாரும் வரலாம். அவர் வரக்கூடாது."

மனைவி தரையைப் பார்த்தாள். உதடு ஓரம் லேசாக அசைந்தது. "எழுத்துல குடுங்க" என்றாள்.

நடை வக்கீல் பேனாவைத் திறந்தார். "முப்பது வருஷத்துல இப்படி ஒரு காகிதம் நான் எழுதினதில்லை" என்றார். பிறகு எழுதினார். படிக்கட்டைப் பயன்படுத்த யார் யாருக்கு அனுமதி என்று பட்டியல், அதில் மாடிக்காரர் இல்லை. அவர் ஒருமுறை மிதித்தாலும் அனுமதி முழுவதும் ரத்து. மனைவி இரண்டு பிரதியிலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். செங்கல் திரும்பிப் போயிற்று.

நாலு வருஷம் மாடிக்காரர் குப்பைச் சந்து வழியாகத்தான் வீட்டுக்குப் போனார். துணிக்கொடிக்குக் குனிந்து, சுழல்படியில் மூன்று சுற்றுச் சுற்றி ஏறினார். மனைவிக்கு நன்றாகத் தெரியும், அவர் ஒரு தரம் முன்படியில் கால் வைத்தால் போவது அவளுடைய வழியும்தான். அவளே காவல் இருந்தாள். தெருவில் சிலர் வேண்டுமென்றே அந்தச் சந்துப் பக்கம் போய் வணக்கம் சொல்லிவிட்டு வந்தார்கள்.

ஒருநாள் காலை பதினோரு மணிக்கு அவருக்கு நெஞ்சுவலி. சுழல்படியில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்றார்கள் ஆம்புலன்ஸ்காரர்கள். மனைவி கேட்டின் அருகே வந்து வாய் திறப்பதற்குள் கண்ணாடியக்கா எழுந்துபோய்க் கேட்டை இரண்டு கதவும் விரியத் திறந்தாள். கண் மூடியபடி அவர் முன்படி வழியாக இறங்கினார்.

பதினெட்டு நாள் கழித்துக் காரில் வந்து இறங்கினார். கையில் தடி, சட்டை தொளதொளவென்று இருந்தது. கேட்டின் முன்னால் நின்றார். கண்ணாடியக்கா வாசலுக்கு வந்தாள்.

"நெஞ்சுவலி வந்த உடம்பும்மா" என்றார், குரல் எழும்பாமல்.

"போனப்ப உங்களுக்கு நினைவு இல்லை. அதனால விட்டேன். இப்ப நல்லா நிக்கிறீங்களே."

அவர் படிக்கட்டை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தடியை ஊன்றிக்கொண்டு சந்துப் பக்கம் திரும்பினார். மூன்று சுற்றும் ஏறி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று என்றார்கள்.

அன்றைக்குத் தெரு இரண்டாகப் பிரிந்தது. இவ்வளவு ஆகாது, அவளும் ஒரு மனுஷியா என்று பாதிப் பேர். அவர் செய்ததுக்கு இதுவே குறைச்சல் என்று பாதிப் பேர். கணவர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அன்று சாயங்காலம் சக்கரத்தில் இரண்டு வில்லைகள் உடைந்தன. அவள் கையில் வில்லை உடைந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் கேட்டை அவள் திறந்துவிடவில்லை.

அந்த வருஷமே மாடி வீடு விலைக்கு வந்தது. மூத்த மகளோடு போய் இருக்கப்போகிறார்கள். வண்டி ஏறுகிற அன்று மனைவி மட்டும் வந்து கேட்டுச் சாவியைக் கவுன்டரில் வைத்தாள்.

"அவர் உங்ககிட்ட எதுவும் சொல்லச் சொல்லலை அக்கா."

"நானும் எதிர்பார்க்கலை. முட்டிக்கு நல்ல டாக்டரா பாருங்க."

வீட்டை வாங்கியவர்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் அக்கா தங்கச்சி இரண்டு பேர். அவர்களுடைய வக்கீலும் இதே ஊர்ப் பெண்தான். முதல் நாளே அளவு நாடாவோடு வந்துவிட்டாள். படிக்கட்டு விவகாரம் கேட்டு நர்ஸுகளில் மூத்தவளுக்கு முகம் வெளுத்திருந்தது. நிரந்தர வழி உரிமை கேட்டு எழுதிய காகிதத்தை நடை வக்கீல் சரிபார்த்துவிட்டுக் கண்ணாடியக்காவிடம் நீட்டினார். அவள் அன்றே கையெழுத்துப் போட்டாள்.

"பதிலுக்கு ஏதாவது நிபந்தனை இருக்காம்மா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள் அந்தப் பெண் வக்கீல்.

கண்ணாடியக்கா யோசித்தாள். "நைட் டூட்டி முடிஞ்சு வரும்போது கேட்டைச் சாத்திட்டுப் போகச் சொல்லுங்க. நாய் உள்ள வந்துடுது."