அரை மாத்திரை ஒன்றான வாரம்

நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன். செங்கம் சாலையில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தபோது, ஒவ்வொரு பட்டனையும் பயந்து பயந்துதான் அழுத்தினேன். நோயாளியின் பெயர், மாத்திரை, வேளைக்கு எத்தனை என்று அட்டவணையில் ஏற்றுவது என் வேலை. அரை மாத்திரை என்றால் 0.5. கம்ப்யூட்டர் அதைத் தானாக மாற்றிவிடுமோ என்று, எத்தனை என்று போடும் பத்தி முழுவதையும் எண் அல்ல, எழுத்து என்று வைத்திருந்தேன். அப்படி வைத்தால் போட்டது போட்டபடி இருக்கும்.

மாத்திரைக் கவருக்கு ஸ்டிக்கர் அடிக்கும் புது சாஃப்ட்வேர் வந்தது. அட்டவணையை அதன் டேட்டாபேஸுக்குள் அனுப்பினேன். முதல் பக்கத்து ஸ்டிக்கர்களைச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன.

அடுத்த வாரம் அடி அண்ணாமலையிலிருந்து ஓர் அம்மாவை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களிடம் கடலை விற்பவர். இதயத்துக்குத் தினம் அரை மாத்திரை சாப்பிடுகிறவர். ஓயாத வாந்தி. பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். டாக்டர் கவரை வாங்கிப் பார்த்தார். காலை 1 என்று இருந்தது.

"நான் அரைதானே எழுதினேன். நீ என்னா போட்ட?"

"அரைதான் சார்."

அட்டவணையைத் திறந்தேன். 0.5. டேட்டாபேஸைத் திறந்தேன். 1. நான் எழுத்து என்று வைத்ததை அது கண்டுகொள்ளவே இல்லை. மேல்வரிகளில் வெறும் 1, 2 இருந்ததைப் பார்த்து, முழு எண்தான் என்று தானே முடிவுகட்டி, கீழே இருந்த அரைகளை எல்லாம் ஒன்றாக்கியிருந்தது.

கம்பவுண்டர் குறுக்கே வந்தார். "நான் உங்க சீட்டைப் பாத்து பிளேடால வெட்டித்தான் சார் போட்டேன். அதுல ஒண்ணு எடுத்தாலும் பாதிதான்."

எனக்குப் போன உயிர் வந்தது. வந்தது நிற்கவில்லை.

"ஒண்ணுனு போட்டிருக்குதே, இவங்க பாதி பாதியா குடுத்துட்டாங்களேனு ரெண்டு துண்டையும் சேத்து முழுங்கினேன்," என்றார் அந்த அம்மா.

"ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாம்மா?" என்றார் கம்பவுண்டர்.

"கையால எழுதியிருந்தா கேட்டிருப்பேன். கம்ப்யூட்டர்ல வந்ததைப் போயி என்னானு கேக்கறது?"

அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அட்டவணையை மறுபடி அனுப்ப உட்கார்ந்தேன். நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. ஒவ்வொரு பத்தியும் எண்ணா எழுத்தா என்று தன் ஊகத்தைக் காட்டி, சரியா என்று அது ஆங்கிலத்தில் கேட்டது. போன தடவையும் கேட்டிருந்தது. புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, சரி என்ற பட்டனை நான்தான் அழுத்தியிருந்தேன். இந்தத் தடவை எழுத்து என்று மாற்றிவிட்டு அனுப்பினேன்.

அரை மாத்திரைக்காரர்கள் எல்லோர் வீட்டுக்கும் சைக்கிளில் போய்க் கவர்களை மாற்றினேன். நான்கு நாள் தூக்கமில்லை. ஐந்தாம் நாள் அந்த அம்மா நடந்தே வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது கேட்டுச்சு. நீதான் பதில் சொல்லல," என்றார்.

புதுக் கவரை நீட்டினேன்.

"என்னா போட்டிருக்குது, படி."

"0.5."

"அப்படின்னா?"

"பாதிம்மா."

"பாதினு பேனாவால எழுதிக் குடு," என்றார்.

0.5-க்குப் பக்கத்தில் பெரிதாகப் பாதி என்று எழுதினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.