பட்டுக்கடை சர்வரும் ராகு காலமும்

வெப்சைட்டுக்கு சர்வர் எழுதுற பொழப்புல முதல் நாள்தான் சொர்க்கம். மறுநாள்ல இருந்து பேஜார்தான். நீங்களும் இதே பொழப்புல மாட்டினவங்கன்னா, ஒரு பெருமூச்சு விட்டுட்டு மேல படிங்க.

எனக்கு அந்த முதல் நாள் ஆரணியில, தனபால் அண்ணன் பட்டுக்கடையில வந்துச்சு. காலேஜ் முடிச்சிட்டு அங்க புடவைங்களை போட்டோ எடுத்து வியாபாரிங்களுக்கு வாட்ஸ்அப்புல அனுப்பிக்கினு இருந்தேன். "கடைக்கு ஒரு வெப்சைட் நானே செய்யறேண்ணா"ன்னு ஒரு நாள் வாயை விட்டுட்டேன். "தீபாவளிக்குள்ள அதுல ஒரு புடவை வித்துக் காட்டு, வேலை உனக்கு நிரந்தரம்"னாரு. விக்கலைன்னா சென்னையில சித்தப்பா பார்த்து வெச்ச கால் சென்டர் வேலைக்குப் போகணும்னு வீட்டுல முடிவு. எனக்கோ ஊரை விட்டுப் போக துளிகூட இஷ்டமில்லை.

கதவு இல்லாத கடை

யூடியூபைப் பார்த்துப் பார்த்து, சர்வர் எழுத உதவுற நோட்ங்கிற சாஃப்ட்வேரை இறக்கினேன். அது மேல எக்ஸ்பிரஸ்ங்கிற குட்டி ஃபிரேம்வொர்க்கைப் போட்டேன். யாராவது இந்த முகவரிக்கு வந்தா இதைச் சொல்லுன்னு எழுதி வெச்சா போதும், மீதியை அது பார்த்துக்கும். நாலஞ்சு வரிதான். பிரவுசரைத் திறந்தா, "வணக்கம் ஆரணி"ன்னு நிக்குது! அம்மாடி, இப்ப நெனச்சாலும் உடம்பு சிலிர்க்குது.

அந்தக் குஷியில, மேல இருந்த 'லோக்கல்ஹோஸ்ட்' முகவரியை அப்படியே காப்பி பண்ணி வியாபாரிங்க குரூப்புல போட்டுட்டேன். அது என் லேப்டாப்புக்குள்ள மட்டும் செல்லுபடியாகிற முகவரின்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு அன்னைக்குத் தெரியாதே! சேத்துப்பட்டு வியாபாரி ஒருத்தர் உடனே போன் போட்டாரு: "இன்னாம்மா, கடை தொறந்தாச்சுன்னு கூப்புட்டுட்டு, வந்து பாத்தா கதவையே காணோம்?"

சுத்துற சக்கரம்

எக்ஸ்பிரஸ்ல மிடில்வேர்னு ஒண்ணு. வர்ற ஆளை வழியில நிறுத்தி விசாரிக்கிற வாட்ச்மேன்னு வெச்சுக்குங்க. விசாரிச்சு முடிச்சதும் 'நெக்ஸ்ட்'னு சொல்லி உள்ள அனுப்பணும். நான் விசாரிக்கிறதை பக்கம் பக்கமா எழுதிட்டு, அந்த ஒரு வார்த்தையை விட்டுட்டேன். தப்புன்னு ஒரு சேதியும் வரலை, பக்கம் திறக்கவும் இல்லை, சக்கரம் மட்டும் சுத்திக்கினே இருக்கு. இந்தக் கொடுமையை அனுபவிக்காதவங்க நம்ம ஆளே இல்லை.

கடையில புடவை மடிக்கிற காமாட்சி அக்காவை ஆசையா கூப்பிட்டு, "பாருக்கா, இப்ப வரும், இப்ப வரும்"னு லேப்டாப் முன்னாடி உட்கார வெச்சிருந்தேன். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துது. எழுந்து போச்சு. வாயைத் துடைச்சிக்கினு திரும்பி வந்து சொல்லுச்சு: "நான் டீயே குடிச்சிட்டு வந்துட்டேன், இது இன்னும் சுத்திகினே கீதேடி!"

அண்ணன் போட்ட கண்டிஷன்

தனபால் அண்ணன் கடையில ராகு காலத்துல பில் போட மாட்டாங்க. புடவை பார்க்கலாம், பேரம் பேசலாம், பில்லு மட்டும் கிடையாது. வாடிக்கைக்காரங்களுக்கும் இது பழக்கம். காபி குடிச்சிக்கினு காத்திருப்பாங்க. "வெப்சைட்டும் என் கடைதானே? அங்கயும் அப்படித்தான்"னுட்டாரு அண்ணன்.

சரின்னு அதுக்கும் ஒரு வாட்ச்மேன் எழுதினேன். கிழமையைப் பாரு, மணியைப் பாரு, ராகு காலமா இருந்தா "சற்று நேரம் கழித்து வாங்க"ன்னு சொல்லு. கடை லேப்டாப்புல ஓட்டிக் காட்டினேன், கரெக்டா நிறுத்துச்சு. அண்ணன் மூஞ்சில அப்படி ஒரு பெருமை: "பரவால்லியே, மிஷினுக்கே பஞ்சாங்கம் சொல்லிக் குடுத்துட்டியே!"

முதல் ஆர்டர்

அப்புறம் வெளிநாட்டுல ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து எல்லாத்தையும் அதுல ஏத்தினேன். ஜனங்க வந்தாங்க, பார்த்தாங்க, போனாங்க. ஒருத்தரும் வாங்கலை. தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமையும் வந்துடுச்சு. வீட்டுல அம்மா என் துணியை எல்லாம் பையில அடுக்கிட்டாங்க.

காலையில பத்தே முக்காலுக்கு போன் 'டிங்'னுச்சு. ஆர்டர்! பெரணமல்லூர்ல இருந்து ஒரு அம்மா, மகள் கல்யாணத்துக்கு, மாம்பழ மஞ்சள்ல பச்சை பார்டர் போட்ட புடவை. நான் கத்தின கத்துல காமாட்சி அக்கா கையில இருந்த புடவையைக் கீழ போட்டுடுச்சு. அண்ணன் மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாரு. வெள்ளிக்கிழமை பத்தரை டு பன்னெண்டு ராகு காலம். "கல்யாணப் புடவை வேற. வேணாம்மா, திருப்பிடு"ன்னாரு.

எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. வாட்ச்மேன் ஏன் விட்டான்னு துழாவினப்பதான் புரிஞ்சுது. சர்வரோட கடிகாரம் நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி ஓடுது! போன வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு, "ஏன்மா கடையை மூடி வெச்சிகினு கீற?"ன்னு சேத்துப்பட்டு வியாபாரி திட்டினதும் இதனாலதான், அதுல அப்போதான் காலை பத்தரை. அண்ணன் கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவர் தாடையைத் தடவிக்கினே, "ஆர்டர் விழுந்தது இங்கயா, அந்த மிஷின்லயா?"ன்னு கேட்டாரு. "மிஷின்லதாண்ணா." "அங்க அப்போ இன்னா மணி?" "விடிகாலை அஞ்சே கால்ண்ணா."

அண்ணன் சட்டுனு எழுந்துட்டாரு: "அஞ்சே காலா? பிரம்ம முகூர்த்தம்மா அது! போடு பில்லை, ஜல்தி!"

அதுக்கப்புறம் இதே கடையில உட்கார்ந்துக்கினு எத்தனையோ சர்வர் எழுதிட்டேன், எல்லாத்துலயும் மணி சரியாத்தான் ஓடுது, ஆனா தப்பா ஓடின அந்த ஒண்ணு காட்டின மாதிரி நல்ல நேரத்தை வேற எதுவும் எனக்குக் காட்டலை.