வெண்கலம் வாய் திறக்காத காலை

ஊர் அவளுக்கு வைத்த பெயர் வெண்கலம். தொண்டை அப்படி! மேட்டில் நின்று ஒரு குரல் கொடுத்தால் அவளுடைய மாடுகள் அத்தனையும் திரும்பும். பக்கத்து வயல்காரரும் சேர்ந்து திரும்புவார். இன்னொரு பெருமையும் உண்டு. அவள் மாடுகள் மேய்ந்த இடத்தில் புல் தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும். "பாதி மேய்ச்சல்ல மாட்டை இடம் மாத்துறவங்க எல்லாம் சோம்பேறிங்க" என்று பீற்றிக்கொள்வாள்.

அந்தப் பெருமைதான் வினையாயிற்று. புல்லின் அடித்தண்டுக்குள் ஒரு பூஞ்சை. நஞ்சு மொத்தமும் அங்கேதான். மாடுகளுக்குத் தலை ஆடத் தொடங்கியது. முந்தின நாள் வந்த மாட்டு டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்: "வேற தீனி போடுங்க, சரியாயிடும். ஆனா விரட்டாதீங்க, கத்தாதீங்க. மிரண்டா கால் விறைச்சு விழுந்துடும். விழுந்தா கிட்ட போகாதீங்க. விட்டா தானா எழுந்திரிக்கும்."

விடிந்து பார்த்தால் குட்டைப் பக்கத்துக் கேட் திறந்து கிடக்கிறது. நேற்று தண்ணீர்க்குழாய் இழுத்த மருமகன் சாத்த மறந்துவிட்டான், பாவி! நிறைமாதச் செவலைப் பசு குட்டையின் சரிவான கரையில் நின்றது. அங்கே விழுந்து உருண்டால் தாயும் போச்சு, வயிற்றுக் கன்றும் போச்சு.

"ஓடிப் போய்ப் பிடிக்கட்டுமா?" என்றார் புருஷன்.

அவள் அவர் கையை நறுக்கென்று கிள்ளினாள். "அசைஞ்சீங்கன்னா தொலைச்சுடுவேன்" என்றாள், மூச்சுக் காற்றில்.

வைக்கோலை அள்ளிக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடந்தாள். பாதி தூரத்தில் எங்கிருந்தோ காக்கை ஒன்று கத்திக்கொண்டு பறந்தது. செவலை துள்ளியது, நான்கு காலும் கட்டையாகி, தொப்பென்று விழுந்தது. தலை தண்ணீர் ஓரத்தில்.

ஐயோ, அந்த நேரம்! அலறல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கை பரபரத்தது. பிடித்து இழுத்தால் உதைத்துக்கொண்டு உள்ளே போய்விடும் என்று தெரியும். செவலையின் கால் வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு மெல்ல அடங்கியது. முன்னங்காலை மடக்கியது. எழுந்தது. குடிகாரன் மாதிரித் தள்ளாடி, வைக்கோல் வாசனைக்கு அவள் பக்கமே வந்தது. புருஷன் சுற்றிப் போய்க் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

மருமகன் வண்டியின் எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அத்தை, கேட்டை நான்தான் சாத்தாம..."

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத் தலைகுனிந்து நின்றான்.

"கேட்டுக் கதவு கெடக்குது, விடுங்க மாப்பிள்ளை" என்றாள். "செவலையை அடிவேர் வரைக்கும் மேய விட்டது யாரு? நான்தானே. என் வீம்புதான் அதைக் கொல்லப் பாத்துச்சு."

அதற்கு மேல் முடியவில்லை. மாடுகளுக்குக் கேட்காத தூரத்துக்கு நடந்து போய், வாய்விட்டு அழுதாள்.